விடியற்காலை இழுப்பும் வகுப்பறைத் தூக்கமும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது; பத்தாம் வகுப்பு படிக்கிறான். சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. பகலில் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். நீல நிற இன்ஹேலரை எடுத்தால் அடங்கிவிடுகிறது. வகுப்பில் தூங்குவதாக ஆசிரியர் சொல்கிறார். செல்பேசிதான் காரணம் என்று என் கணவர் கண்டிக்கிறார். தினமும் இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆஸ்துமா உள்ள ஒருவர் கடந்த நான்கு வாரங்களில் ஓர் இரவேனும் இருமலாலோ மூச்சுத் திணறலாலோ விழித்திருந்தால், நோய் முழுமையாகக் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அதையே ஓர் அடையாளமாக மருத்துவர்கள் கொள்வர். உங்கள் மகன் வாரந்தோறும் விழிக்கிறான். ஆகவே பகலில் நன்றாக இருக்கிறான் என்பதை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

மூச்சுக்குழாய்கள் நாள் முழுவதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. எல்லோருக்குமே அவை பிற்பகலில் சற்று விரிந்தும், அதிகாலை நான்கு மணியையொட்டிச் சற்றுக் குறுகியும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பல மடங்காகிவிடுகிறது. அழற்சியை அடக்கி வைக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன் நள்ளிரவையொட்டி மிகவும் குறைந்துவிடுவதும், மூச்சுக்குழாய்த் தசைகளை இறுக்கும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் தூக்கத்தில் மேலோங்குவதும், படுத்த நிலையில் நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு குறைவதும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகள், மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, நெஞ்செரிச்சல் ஆகியவை இருந்தால் தொல்லை இன்னும் கூடும்.

நீல இன்ஹேலரில் பொதுவாக இருக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைக் குறைக்காது. அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரமே நீடிக்கும் என்பதால், படுக்கப் போகும்போது எடுத்தாலும் விடியலுக்குள் தீர்ந்துவிடும். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை மட்டுமே கொடுத்து வருவது கூடாது என்று, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல்கள் 2019 முதலே சொல்லி வருகின்றன. உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது, பெரும்பாலும், ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு இன்ஹேலர். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து அன்று. மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்பது உண்மை. ஆனால் இரவுதோறும் திணறுவதோடு ஒப்பிட்டால், அது தயங்குவதற்கான காரணமே இல்லை என்பது என் கருத்து. ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி நிதானமாக உள்ளிழுக்க உதவும் குழல்) பொருத்தி எடுக்கவும், எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவும் பழக்குங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. பருவ வயதில், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால் தூக்கமே பிந்தித்தான் வரும். செல்பேசி வெளிச்சம் அதை மேலும் தள்ளிப்போடும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழும் பிள்ளைக்கு அதில் ஏற்கெனவே பற்றாக்குறைதான். இடையே இழுப்பு ஒரு மணி நேரத்தைப் பறித்துக்கொண்டால் வகுப்பில் கண் சொருகாமல் என்ன செய்யும்? அரைகுறை விழிப்புகள் பல, காலையில் அவனுக்கே நினைவிருக்காது. நினைவிருப்பதையும் இந்த வயதுப் பிள்ளைகள் தாமாகச் சொல்வது அரிது. எனவே 'உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்காமல், 'ராத்திரி எழுந்தாயா, இன்ஹேலர் எடுத்தாயா' என்று கேளுங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு வாரங்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஊதச் செய்து, அளவுகளைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். காலை அளவு தொடர்ந்து தாழ்ந்திருந்தால் அவருக்கு அதுவே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

படுக்கையறையில் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை போதும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை நன்கு சூடான நீரில் துவையுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது: நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் மூலம் நீல இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்காக மான்டெலுகாஸ்ட் மாத்திரை எடுக்கும் என் 17 வயது மகளுக்கு இழுப்பு இல்லை, ஆனால் பயங்கரக் கனவுகள் வருகின்றன. மாத்திரைக்குத் தொடர்பு உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருக்கலாம். தூக்கக் கேடு, கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை இம்மருந்துடன் வரக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. கனவுகள் எப்போது தொடங்கின, மாத்திரை எப்போது தொடங்கியது என்று தேதிகளை ஒப்பிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. நடத்தையில் மாற்றமோ, வாழ்வில் வெறுப்போ தென்பட்டால் அடுத்த சந்திப்பு நாள்வரை பொறுக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.