கர்ப்பத்தில் சிபிலிஸ் இருந்தால் ஹெப்படைட்டிஸ் சி சோதனையும் தேவையா?

பினாங்கு அரசாங்க கிளினிக்கில் உங்கள் தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் தெரிந்ததாகச் சொல்கிறீர்கள். முதலில் பெனிசிலின் ஊசி, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெப்படைட்டிஸ் சி-யும் பார்த்துவிடுவது நல்லது. அது முக்கியமாக ரத்தம் வழியே பரவும். உடலுறவில் பரவுவது குறைவு. ஆனால் பால்வினை நோய்ப் புண்ணோ எச்.ஐ.வி.யோ இருந்தால் ஆபத்து கூடும். கணவர் எப்போதாவது ஊசியில் போதைப்பொருள் எடுத்திருந்தால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், மானம் பார்க்கிற நேரமில்லை இது.

ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) சோதனை பாசிட்டிவ் வந்ததும் பதற வேண்டாம், ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனைதான் தொற்றை உறுதிசெய்யும். குழந்தைக்குத் தொற்ற வாய்ப்பு சுமார் 5 சதவீதம், எச்.ஐ.வி.யும் இருந்தால் அதிகம். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்துங்கள். ஹெப்படைட்டிஸ் சி-க்கான மாத்திரைச் சிகிச்சை பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகுதான். 2017இல் மலேசியா அந்த மாத்திரைகளில் ஒன்றான சோஃபோஸ்புவிருக்கு அரசாங்கப் பயன்பாட்டு உரிமம் (காப்புரிமையை மீறி மலிவான நகல் மருந்தை அரசு பயன்படுத்தும் அனுமதி) அறிவித்ததால், ஒரு காலத்து யானை விலை இப்போது இல்லை.