மொரீஷியஸ் தொழிலாளர் கட்சி பிறந்த கதை: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு பழைய விசாரணை அறிக்கைகளைப் படிப்பதே வேலையாகிவிட்டது. நம் தீவின் தொழிலாளர் கட்சி எப்படித் தொடங்கியது என்று இளைஞர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: இப்போதைய அரசியலை என் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

ரோஸ் ஹில் தம்பி: ஐயா, கட்சியைத் தொடங்கியது நம் முதல் பிரதமர் ராம்கூலாம்தானே? எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் மட்டுமா, பாதித் தீவு அப்படித்தான் நினைக்கிறது. விமான நிலையத்துக்கே அவர் பெயர் என்றால் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் 1936 பிப்ரவரி 23 அன்று போர்ட் லூயிஸ் ஷாம்ப் தெ மார்ஸ் மைதானத்தில் கூட்டம் போட்டுக் கட்சியைத் தொடங்கியவர் டாக்டர் மொரீஸ் க்யூரே. கலப்பின கிரியோல் குடும்பம், தொழில் வைத்தியம். கூட இருந்தவர்களில் பண்டிட் சகதேவ், ழான் ப்ரோஸ்பேர் போன்றவர்கள் உண்டு. எமானுவேல் ஆங்கத்தில் என்பவர் அதே வருடம் வந்து சேர்ந்துகொண்டார். ராம்கூலாம் இதற்கெல்லாம் ரொம்பப் பிறகு வருகிறார். சுதந்திரம் அவர் கையில் வந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. விதை போட்டவர் வேறு ஆள், அவ்வளவுதான்.

திரியோலே மாணவி: ஒரு டாக்டருக்கு எதற்குத் தொழிலாளர் கட்சி? கரும்பு வெட்டுகிறவர்கள் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

க்யூரே தொடக்கத்திலிருந்தே ஏழைகளின் தோழன் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, இந்தத் தீவை மறுபடி பிரான்ஸிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கும்பல் கிளம்பியது, அதில் இவரும் இருந்தார். 1921 தேர்தலில் அந்தக் கும்பல் மண்ணைக் கவ்வியது. பிறகு 1934 இடைத்தேர்தலில் க்யூரே ஜெயித்தார், 1936 ஜனவரிப் பொதுத்தேர்தலில் தோற்றார். ஜனவரியில் தோல்வி, பிப்ரவரியில் கட்சி. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

தோற்றவர் ஏன் தோற்றார் என்று யோசித்திருப்பார். அன்றைக்கு இருந்தது 1885ஆம் வருடத்து அரசியல் சட்டம். சொத்தோ நல்ல வருமானமோ இருந்தால்தான் ஓட்டு. தீவில் ஏறக்குறைய 4 லட்சம் பேர், ஓட்டுப் போடுகிறவர்கள் 10,000 சொச்சம். கரும்புக்காட்டில் வேலை செய்கிறவனுக்கு ஓட்டு கிடையாது, அவன் பெண்சாதிக்குக் கிடையவே கிடையாது. அந்தப் பத்தாயிரம் பேரைக் கெஞ்சிக்கொண்டு இருப்பதைவிட வெளியே நிற்கிற நான்கு லட்சத்திடம் பேசலாம் என்று அவர் முடிவெடுத்தார். ஓட்டே இல்லாதவர்களை வைத்து ஒரு கட்சி! ஜெயிப்பதற்காக அன்றைக்கு அதைத் தொடங்கியிருக்கவே முடியாது, கணக்கு அப்படி. அதனால்தான் அந்த ஆளை எனக்குப் பிடிக்கும், சொந்தக் கோபமும் கலந்திருந்தது என்று தெரிந்தும்.

கரும்பு வெட்டுகிறவர்கள் ஏன் தாங்களே தொடங்கவில்லை என்றால், தொழிற்சங்கம் வைக்கச் சட்டமே இடம் கொடுக்காத காலம் அது. தோட்டத்துக் கேம்பில் சிர்தார், அதாவது மேஸ்திரி, கண்ணில் படாமல் நாலு பேர் கூடிப் பேசுவதே பெரிய பாடு.

குரேபீப் அண்ணன்: அதற்கு முன்னால் இங்கே கட்சியே இல்லையா?

இருந்தது. 1907இல் ஊழேன் லோரான் தொடங்கிய அக்ஸியோன் லிபெரால். காந்தி சொல்லி இங்கே வந்த வக்கீல் மணிலால் டாக்டரும் (டாக்டர் என்பது குடும்பப் பெயர்) அவர்களோடு சேர்ந்து மேடையேறினார். ஆனால் அது நகரத்துப் படித்தவர்களின் கட்சி. கரும்புக்காட்டுக்குள் போகவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: தொழிலாளர் கட்சி என்றால் இடதுசாரி என்பார்களே, க்யூரே கம்யூனிஸ்டா?

இல்லை. தோட்ட முதலாளிகளின் ஆட்கள் அப்படித் திட்டினார்கள், அது வேறு. அவர் கேட்டது என்ன? தொழிலாளிக்குச் சட்டசபையில் பிரதிநிதி, சங்கம் வைக்கும் உரிமை, குறைந்தபட்சக் கூலி, வயதானால் பென்ஷன். இன்றைக்கு எந்தக் கட்சியும் பயமில்லாமல் சொல்லும். லண்டனில் லேபர் எம்.பி. ஆர்தர் க்ரீச் ஜோன்ஸுக்குக் கடிதம் எழுதி இங்கே நடப்பதை அங்கே கேள்வியாக எழுப்ப வைத்தார். மனுப் போடுவது, கையெழுத்து வாங்குவது, கூட்டம் போடுவது, இதுதான் அவர் வழி. ஆனால் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரைக்கு 1936இல் "குறைந்தபட்சக் கூலி" என்ற வார்த்தையே போதும், ரத்தம் கொதிக்க.

ஃப்ளாக் விவசாயி: என் தாத்தா "யூபா கலாட்டா" என்று ஏதோ சொல்வார். அதற்கும் கட்சிக்கும் சம்பந்தம் உண்டா?

உங்கள் ஊர்க் கதைதானே அது! யூபா ஒரு கரும்பு வகை. அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டாம், மோசமான மண்ணிலும் வரும், அதனால் ஒன்றிரண்டு அர்ப்பான் (ஏறக்குறைய ஏக்கர்) நிலம் வைத்திருந்த சின்ன விவசாயிகள் அதையே நட்டார்கள். நார் அதிகம், சர்க்கரை குறைவு. 1937 அறுவடையில் யூபாவுக்கு 15 சதவீதம் விலை குறைப்போம் என்று ஆலைகள் அறிவித்தன. சின்ன விவசாயி கொதித்தான். அவன் பக்கத்து வீட்டுக்காரன் கூலியாள், அவனுக்கும் கூலி போதவில்லை. பல குடும்பங்களில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான்: காலையில் தோட்டத்துக்குக் கூலி, சாயந்தரம் சொந்தக் கரும்பு.

ஆகஸ்ட் 13 அன்று யூனியன் ஃப்ளாக் ஆலைக்குக் கூட்டம் நடந்துபோனது. தோட்டத் தரப்பிலிருந்து சுட்டார்கள். 4 பேர் செத்தார்கள், 6 பேருக்குக் காயம். வெள்ளைக்காரன் சுட்டான் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர்கள் இந்திய வம்சாவளிக் குடும்பம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையை நிறச் சண்டையாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

சம்பந்தம் கேட்டீர்களே. கலவரத்தைக் கட்சி நடத்தியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வருடமாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கேட்கலாம், கேட்டால் தப்பில்லை என்று ஜனங்களிடம் சொல்லி வைத்தது அதுதான். பிறகு ஹூப்பர் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது, 1938இல் தொழிலாளர் இலாகா வந்தது, சங்கங்களுக்கு அரைகுறையாக ஒரு சட்டமும் வந்தது. என் கணக்கில் கட்சியின் உண்மையான பிறந்தநாள் அந்த ஆகஸ்ட். ஷாம்ப் தெ மார்ஸில் பெயர் வைத்தார்கள், ஃப்ளாக்கில்தான் உயிர் வந்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்: ஆங்கத்திலை ஏன் ரோத்ரிக் தீவுக்கு அனுப்பினார்கள்?

துறைமுகத்தில் இருந்தவர் கேட்கிறீர்கள், சந்தோஷம். க்யூரே மேடைக்காரர் என்றால் ஆங்கத்தில் சங்கக்காரர். வெளிநாடுகளில் பல வருடம் வேலை பார்த்து, பிரிட்டனில் தொழிற்சங்க அனுபவம் பெற்று, ஐம்பது வயதில் ஊர் திரும்பியவர். 1938 செப்டம்பரில் போர்ட் லூயிஸ் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் என்றால் கரும்பு வெட்டு நடக்கும் காலம், சர்க்கரை மூட்டைகள் வந்து குவிகிற நேரம். ஒரு நாள் கப்பல் நின்றாலும் முதலாளிக்கு வலிக்கும். கவர்னர் பீட் க்ளிஃபர்ட் அவசர நிலை அறிவித்து, ஆங்கத்திலைக் கப்பலேற்றி ரோத்ரிக்கு அனுப்பினார், க்யூரேயை வீட்டுக்காவலில் வைத்தார். 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி ஒரு ஆளைத் தள்ளினால் சங்கம் செத்துவிடும் என்று நினைத்திருப்பார். சாகவில்லை, ஆனால் சில வருடங்களுக்கு மூச்சுத் திணறியது.

அதே வருடம் மே 1 அன்றுதான் இங்கே முதல் மே தினம் கொண்டாடினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு விடுமுறையாக 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வனிதா அக்கா: நம் தமிழர்கள் இதில் எங்கே இருக்கிறார்கள்? எல்லாம் க்யூரே, ஆங்கத்தில், பிறகு தலைவரான ரோஸ்மோன் என்றே போகிறதே.

தலைவர் பெயர்களைப் பார்த்தால் கிடைக்க மாட்டார்கள் அக்கா. செத்தவர்கள் பெயரைப் பாருங்கள். 1943 செப்டம்பர் 27, வடக்கே பெல் வ்யூ ஹாரெல். போர்க் காலம், அரிசி இல்லை, கூலி பற்றவில்லை, தோட்டத்தில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் பெயர் பத்திரங்களில் ஆங்ஜலே கூபென், மூன்சாமி மூனியென், கிஸ்ட்னசாமி மூனீசாமி, மார்டே பனாபென் என்று இருக்கும். குமாஸ்தா காதில் விழுந்ததைப் பிரெஞ்சு வாயால் எழுதியது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்ஜலே கூபென் என்பது அஞ்சலை குப்பன். மூனியென் என்பது முனியன். நான் முதல் தடவை அந்தப் பட்டியலைப் படித்தபோது மெதுவாக உச்சரித்துக்கொண்டே போனேன், நாலாவது பெயரில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அஞ்சலை அப்போது கர்ப்பிணி.

பெல் வ்யூவில் மேட்ச் பார்க்கப் போகிறோமே, அஞ்சலை ஸ்டேடியம், அது அந்த அஞ்சலைதான். என் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன், பாதிப் பேர் யாரோ விளையாட்டு வீராங்கனை என்று நினைத்திருந்தார்கள்.

தலைவர்களிலும் ஒருவர் உண்டு, வக்கீல் ரங்கநாதன் சீனிவாசன். கட்சியின் பெரிய மூளைகளில் ஒருவர், பிற்பாடு கல்வி மந்திரி, 1958இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். உங்கள் பர்ஸிலிருக்கும் 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அவர்தான்.

திரியோலே மாணவி (மறுபடியும்): ஓட்டில்லாத கட்சி என்றீர்களே, ஓட்டு எப்போது கிடைத்தது?

1948 தேர்தலில், பாதி. சொத்து வேண்டாம், ஒரு எளிய வாக்கியத்தைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும் என்று புதுச் சட்டம். எந்த மொழியில்? இங்கே பேசும் மொழிகளில் ஏதாவது ஒன்றில், தமிழும் அதில் உண்டு. ஓட்டாளர்கள் 70,000 பேருக்கு மேல் ஆனார்கள். அதற்காகவே பைத்கா என்ற கிராமத்து இந்து சமூகக் கூடங்களிலும் கோவில் திண்ணைகளிலும் ராத்திரிப் பாடம் நடந்தது. இந்தி பேசும் கிராமங்களில் பிசூந்தயால் சகோதரர்களின் இயக்கம் செய்த வேலை பெரிது, கட்சிக்கு மட்டும் பெருமை கொடுத்தால் நியாயமில்லை.

எங்கள் பாட்டி சீனாக்காரர் கடையில் சாமான் மடித்துத் தந்த காகிதத்தில் எழுதிப் பழகினாராம். "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்." இந்த ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப. 'ழ' வராத வாக்கியமாகப் பார்த்து வாத்தியார் எடுத்துக் கொடுத்தார் என்று சொல்லிச் சிரிப்பார்.

தேர்ந்தெடுக்கும் இடம் 19, கவர்னர் நியமிக்கும் இடம் 12. தொழிலாளர் பக்கம் ஜெயித்தவர்கள் நிறைய, ஆனால் கவர்னர் நியமித்தவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம். வாசலைத் திறந்துவிட்டு நாற்காலியை எடுத்துவிட்டார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது 1959 தேர்தலில்தான்.

ரோஸ் ஹில் தம்பி: க்யூரே அப்போது எங்கே?

ஓரத்தில். தலைமை ஆங்கத்தில் கைக்குப் போய், அவர் 1946இல் இறந்ததும் கீ ரோஸ்மோன் கைக்கு வந்தது, அவரும் 1956இல் போனார். க்யூரே 1977 வரை உயிரோடு இருந்தார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

பெயர் வேண்டாம் என்றவர்: சரி, இன்றைய கட்சி அந்தக் கட்சிதானா?

முதலிலேயே சொன்னேனே! சின்னம் இன்றும் சாவிதான், அதுவரைக்கும் சொல்கிறேன்.

குரேபீப் அண்ணன்: என் கொள்ளுத்தாத்தாவும் பெல் வ்யூ பக்கம் இருந்தவர். பெயர் எப்படித் தேடுவது?

மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. தாத்தாவின் பிறப்புப் பத்திரம் கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், குடியேற்ற எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அங்கே உட்கார்ந்து பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.