ஹிப்னாசிஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஹிப்னாசிஸ்ல தூங்கிடுவோமா?
இல்லைங்க, முழிச்சுதான் இருப்பீங்க, கவனம் மட்டும் ஒரே இடத்துல குவிஞ்சிருக்கும். 1840கள்ல ஜேம்ஸ் பிரெய்டுங்கற டாக்டர் கிரேக்க மொழில தூக்கத்துக்கு இருக்கற சொல்ல எடுத்து பேர் வச்சாரு, அப்புறம் இது தூக்கம் இல்லன்னு அவரே மாத்தப் பாத்தாரு, அதுக்குள்ள பேர் ஒட்டிக்கிச்சு.

வலி நிஜமாவே குறையுதா, இல்ல குறைஞ்ச மாதிரி சொல்றாங்களா?
நல்ல கேள்வி. 1997ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஹிப்னாசிஸ்ல இருந்தவங்க கைய 47 டிகிரி சுடுதண்ணில வச்சு, வலியோட வேதனை மட்டும் கூடுது, குறையுதுன்னு மாத்தி மாத்தி சொல்லி மூளைய ஸ்கேன் பண்ணாங்க. சூடு எவ்ளோன்னு பதிவு பண்ற பகுதில பெருசா மாற்றம் இல்ல, வேதனையோட சம்பந்தப்பட்ட முன் சிங்குலேட் பகுதி மட்டும் சொன்னதுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குச்சு. சும்மா வாயால சொல்றதா இருந்தா அங்க ஏன் மாறணும்? ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒருத்தர் ஹிப்னாசிஸுக்கு எவ்ளோ ஈடுகொடுப்பாருன்னு அளக்க 1959ல ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் வந்துச்சு, அதுல 12 சோதனை இருக்கு, நிறைய பேர் நடுவுலதான் வருவாங்க, 25 வருஷம் கழிச்சு திரும்ப சோதிச்சப்பவும் பெரும்பாலும் பழைய அளவுதான் வந்துச்சு.

என்னை அறியாம ரகசியத்த உளறிடுவேனா?
மாட்டீங்க. ஹிப்னாசிஸ்ல இருக்கும்போதே நீங்க நினைச்சா பொய் கூட சொல்ல முடியும்.

மறந்துபோன சின்ன வயசு சம்பவத்த வெளிய எடுக்க முடியுமா?
தயவுசெஞ்சு இதுக்கு மட்டும் போகாதீங்க. ஞாபகம் வீடியோ இல்ல, ஒவ்வொரு தடவையும் மூளை புதுசா கட்டுது, அந்த நேரத்துல எதிர்ல இருக்கறவர் கேக்கற கேள்வியும் உள்ள கலந்துடும்.

என் அக்காவுக்கு அவ்ளோ தெளிவா வந்துச்சே, அதெப்படி பொய்யாகும்?
அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லவே இல்லைங்க. தெளிவா தெரியுதுங்கறது ஆதாரம் ஆகாது. ஹிப்னாசிஸ்ல சரியான தகவலும் வரும் தப்பானதும் வரும், ரெண்டு மேலயும் நம்பிக்கை மட்டும் ஏறிடும். அதனாலதான் அமெரிக்காவுல பல மாநில கோர்ட்டுங்க இப்படி வந்த சாட்சிய கட்டுப்படுத்தி வச்சிருக்கு.

அப்போ அக்கா பட்டது எதுவும் நடக்கலையா?
அது எனக்குத் தெரியாது, ஹிப்னாசிஸாலயும் சொல்ல முடியாது. அந்த வேதனை நிஜம், அதுக்கு நல்ல சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போங்க, தோண்டச் சொல்லாதீங்க.

எனக்கு காதுல குரல் கேக்குது, ஹிப்னாசிஸ் பண்ணலாமா?
வேணாம். முதல்ல சைக்யாட்ரிஸ்ட்ட பாருங்க, இந்த வாரமே.

முழிக்காமலே போயிட்டா?
இது மூணாவது ஆள் கேக்கறீங்க. தூக்கமே இல்லன்னு முதல் பதில்லயே இருக்கு. பண்றவர் பாதில எழுந்து போனாலும் கொஞ்ச நேரத்துல நீங்களே கண்ணத் தொறந்துடுவீங்க.