புயலுக்குள் பறக்கும் பகுதிநேரக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

புயலுக்குள் பறந்து அளவெடுக்கும் அமெரிக்காவின் 'ஹரிகேன் ஹன்டர்ஸ்' விமானப் பிரிவைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தபோது அது ரிசர்வ் படை (தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப் படை) என்றும், பாதிப்பேர் வெளியே வேறு வேலை பார்ப்பவர்கள் என்றும் தெரிந்தது. உயிரைப் பணயம் வைக்கும் வேலையைப் பகுதிநேரக்காரர்களிடமா கொடுப்பார்கள்? இத்தனை செயற்கைக்கோள்கள் இருக்கும்போது புயலுக்குள் ஆளை அனுப்ப வேண்டிய அவசியம்தான் என்ன?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பது மேகத்தை. அதன் வடிவத்தை வைத்துப் புயலின் பலத்தைக் கணிக்கிறார்கள். நல்ல கணிப்புதான். ஆனால் மையத்தில், கடல்மட்டத்தில் காற்றழுத்தம் எவ்வளவு (அது குறையக் குறையப் புயல் பலமானது) என்று அளக்க அங்கே ஒரு கருவி இறங்கியாக வேண்டும்.

அந்தக் கருவி டிராப்சோண்ட். ஏறக்குறைய ஒரு முழ நீளக் குழாய், தலையில் சின்ன பாராசூட். இவர்களுடைய டபிள்யூசி-130ஜே விமானம் சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் கண்சுவரை, அதாவது மையத்தைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரை, கிழித்துக்கொண்டு காற்று அடங்கிய நடுப்பகுதியான கண்ணுக்குள் நுழைந்ததும் அதைக் கீழே விடுவார்கள். கடலைத் தொடும்வரை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே விழும். விமானத்திலிருக்கும் வானிலை அதிகாரி அவற்றைச் சரிபார்த்து மயாமியிலுள்ள தேசிய ஹரிகேன் மையத்துக்கு அனுப்புவார்.

2005 அக்டோபர் 19 அன்று வில்மா புயலுக்குள் இவர்கள் போட்ட கருவி காட்டியது 884 மில்லிபார். அது கடலைத் தொட்ட இடத்தில் 23 நாட் (மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர்) வேகத்தில் காற்று இருந்தது. சரியான மையத்தில் காற்று அநேகமாக இருக்காது. அப்படியென்றால் கருவி அங்கே விழவில்லை. அதனால் மைய அழுத்தம் 882 என்று முடிவு செய்தார்கள். அட்லாண்டிக்கில் பதிவானதிலேயே குறைந்த அழுத்தம் அதுதான். கண்ணின் குறுக்களவு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் விமானத்தை ஓட்டிப்போனவர்களைத்தான் பகுதிநேரக்காரர்கள் என்கிறோம்!

இந்த வேலை தொடங்கியது ரிசர்வ் படையில் இல்லை. 1943 ஜூலை 27 அன்று, டெக்சாஸில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஜோசப் டக்வொர்த், ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் கால்வெஸ்டன் அருகே ஒரு புயலின் கண்ணுக்குள் போய்த் திரும்பினார். பந்தயம் கட்டிப் போனதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே இந்த ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) உருவானது. பல பத்தாண்டுகள் நிரந்தரப் படையில் இருந்து, 1991இல் கலைக்கப்பட்டது. 53 என்ற தன் பழைய எண்ணோடு 1993இல் ரிசர்வில் உயிர்பெற்றது. தளம் மிசிசிப்பி மாநிலம் பிலாக்சியிலுள்ள கீஸ்லர்.

ஏன் ரிசர்வ்? ஹரிகேன் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஒரே நேரத்தில் மூன்று புயல்கள் வந்தாலும் இரவுபகலாகப் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் அத்தனை பேர் தேவையில்லை. அதனால் ஒரு பகுதியினர் முழுநேரமாகவே இருக்க, மற்றவர்கள் தேவைக்கு வந்து சேர்கிறார்கள். பயிற்சியிலோ தகுதியிலோ சலுகை கிடையாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். நிரந்தரப் படையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வந்துவிடும். ரிசர்வில் இருப்பவர் அதே ஸ்குவாட்ரனில் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கலாம். ரேடாரில் சிவப்பாகத் தெரியும் கண்சுவரில் எந்தப் பக்கம் நுழைவது என்பதை அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும். ஆபத்து இல்லாமல் இல்லை. 1974 அக்டோபரில் பெஸ் புயலுக்குள் போன, பசிபிக் தீவான குவாமில் இருந்த வேறொரு ஸ்குவாட்ரனின் டபிள்யூசி-130 ஆறு பேரோடு காணாமல் போனது.

அப்புறம் 2005 கத்ரினா. அது அடித்தது ஹரிகேன் ஹன்டர்ஸின் ஊரையே. தளம் சேதமானது, பலருக்கு வீடு போனது. ஆனாலும் ஜார்ஜியாவிலுள்ள டாபின்ஸ் தளத்திலிருந்து தொடர்ந்து பறந்தார்கள். வில்மாவை அளந்தது அதற்கு அடுத்த இரண்டு மாதத்துக்குள்.

நம் வங்கக் கடலில் இப்படி வழக்கமாகப் பறக்கும் பிரிவு இல்லை. வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வந்தால் அதில் பழகியவர்களை மூன்று வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடக் கூடாது.