பார்ட் டைம் சம்பளம் வாடகைக்கு ஆகும், ஃபீஸுக்கு ஆகாது

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகும் மகனுக்கு முதல் வருஷத்துக்கு மட்டும் கடன் வாங்கினால் போதும், மீதியை அவனே வேலை பார்த்துக் கட்டிவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு உதைக்கிறது சார்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். முதல் வருஷம் அதுவும் வளாகத்துக்குள்தான்: நூலகக் கவுன்ட்டர், டைனிங் ஹால், ஜிம் வரவேற்பு மேசை. கோடை விடுமுறையில் முழு நேரம் பார்க்கலாம். மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 16 வார செமஸ்டர் இரண்டுக்கு 7,680 டாலர். கோடையில் வாரம் 40 மணி வீதம் 12 வாரத்துக்கு 5,760. மொத்தம் 13,440. ஒரு வாரம்கூட லீவு போடாமல், செமஸ்டர் தொடங்கிய அன்றே வேலை கிடைத்தால்தான் இவ்வளவும். வாடகைக்கும் மளிகைக்கும் போக ஃபீஸுக்கு என்ன மிஞ்சும்?

ஃபீஸைக் குறைப்பது டி.ஏ. (வகுப்பு நடத்த உதவுவது), ஆர்.ஏ. (பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவுவது) வேலைகள். நேரம் பெரும்பாலும் அதே 20 மணிதான். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸில் முழுத் தள்ளுபடியோ பாதியோ கிடைக்கும், மாதாமாதம் ஸ்டைபண்ட் என்ற உதவித்தொகையும் வரும். பிஎச்.டி. மாணவர்களுக்குக் கொடுத்தது போகத்தான் எம்.எஸ். மாணவர்களுக்கு, அதனால் இதை நம்பியும் கடனைக் குறைக்காதீர்கள். முயற்சியை மட்டும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடுவது வீண் வேலை. ஒருவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, 'இதில் வரும் டேட்டாவைச் சீர்செய்ய எனக்குப் பைத்தான் தெரியும், பழைய பிராஜெக்ட் இணைத்திருக்கிறேன்' என்று நாலு வரி எழுதினால் படிப்பார்கள். சொந்தத் துறையோடு நிற்கவும் வேண்டாம். கம்ப்யூட்டர் தெரிந்த பையனைப் பொது சுகாதாரத் துறையிலும் எடுப்பார்கள்.

கோடையில் நல்ல காசு இன்டர்ன்ஷிப்பில்தான். பொதுவாக இரண்டு செமஸ்டர் முடித்த பிறகு, சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியாக வெளியே வேலை பார்க்கும் அனுமதி வாங்கி, படிப்போடு தொடர்புள்ள நிறுவனத்தில் சேரலாம். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் போய் இறங்குகிறவன் ரெஸ்யூமை இங்கேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ கையில் காசு கொடுக்கிறார்கள் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அனுமதியில்லாத வேலை அது. மாட்டினால் மாணவர் அந்தஸ்தே போய்விடும், கட்டிய ஃபீஸும் போச்சு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி நம் மாணவர்கள், வரி போடும் முன் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கோரலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலானோருக்கு இது கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த வரியில் கொஞ்சம் திரும்பி வரும்.

வங்கியில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்தே சாங்ஷன் கேளுங்கள். பணத்தைச் செமஸ்டர் செமஸ்டராகத்தான் விடுவிப்பார்கள், எடுத்த தொகைக்குத்தான் வட்டி. ஆர்.ஏ. கிடைத்துவிட்டால் மீதியை எடுக்காமல் விட்டுவிடலாம்.