பாலிஷர் மெஷினில் புது பேக்கிங் பிளேட் (பாலிஷ் பேட் ஒட்டும் தட்டு) மாட்டினேன், பேட் ஆடுகிறது, கை அதிர்கிறது. என்ன தவறு?

முதலில் ஒன்று: இது சரியாகும் வரை அந்த மெஷினைக் கார் மேல் வைக்காதீர்கள். கோவையில் கார் டீட்டெய்லிங் வேலை செய்கிறேன், ரோட்டரி (ஒரே அச்சில் சுழலும் பாலிஷர்), டி.ஏ. (சுழன்றுகொண்டே வட்டமாக அசையும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்) இரண்டும் தினமும் கையில் இருக்கும். நீங்கள் சொல்வது போல் புது பிளேட் ஆடினால் பெரும்பாலும் மெஷின் பழுதாக இருக்காது. மரை பொருந்தவில்லை, அல்லது பிளேட்டைத் திருகி மாட்டும் தண்டான ஸ்பிண்டிலின் தோளில், அதாவது மரை முடியும் இடத்தில் உள்ள அகன்ற படியில், பிளேட் சமமாக உட்காரவில்லை.

மெஷின் எது என்று நீங்கள் எழுதவில்லை. ரோட்டரி என்றே தொடங்குகிறேன். நம் ஊரில் விற்கும் ரோட்டரிகளில் பெரும்பாலும் எம்14 மரைதான் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான மெஷின்களில் 5/8 இஞ்ச், அதாவது லேத் பட்டறையில் சொல்கிற அஞ்சு நூல், இஞ்சுக்கு 11 மரை. ஆன்லைனில் இரண்டுக்குமான பிளேட்டுகளும் ஒரே படத்தைப் போட்டு விற்பனைக்கு வருகின்றன. எம்14 என்றால் 14 மி.மீ., அஞ்சு நூல் என்றால் கிட்டத்தட்ட 15.9 மி.மீ. மரை இடைவெளியும் வேறு: ஒன்றில் 2 மி.மீ., இன்னொன்றில் 2.3 மி.மீ. எம்14 பிளேட் அஞ்சு நூல் ஸ்பிண்டிலில் ஏறவே ஏறாது, அதனால் அங்கே ஆபத்தில்லை. அஞ்சு நூல் பிளேட் எம்14 ஸ்பிண்டிலில் தொளதொளவென்று ஏறி, மரையின் நுனியில் மட்டும் பிடித்து நிற்கும். பார்க்க மாட்டியது போலவே இருக்கும்.

வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நான் செய்த தவறு இதுவேதான். பிளேட் லூஸாக இருக்கிறதே என்று ஸ்பிண்டிலில் நாலு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். கையால் அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. கறுப்பு நிறக் கார். பானெட்டில் இரண்டு பாஸ் போவதற்குள் டேப் நசுங்கி பிளேட் சாய்ந்துவிட்டது. பேட்டின் ஒரு ஓரம் மட்டும் அழுத்தி, பானெட் மடிப்பு வரும் விளிம்பில் பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைத் தின்றுவிட்டது. விரல் நகம் அளவு இடம்தான், ஆனால் முழு பானெட்டுக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மரையில் டேப், நூல், பசை எதையும் சுற்ற நான் யாரையும் விடுவதில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்பிண்டில் மரையிலும் தோளிலும் காய்ந்து கிடக்கும் காம்பவுண்டை (பாலிஷ் பசை) பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். தோளில் ஒரு பக்கம் மட்டும் கடுகளவு காய்ந்த காம்பவுண்ட் இருந்தாலும் பிளேட் சாய்ந்து உட்காரும், விளிம்பில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். பிறகு பிளேட்டை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி ஏற வேண்டும். ஒரு சுற்றிலேயே கடித்தால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள், ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். பாதி ஏறியதும் நிறுத்திப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சரியான மரையில் மிக லேசான அசைவுதான் இருக்கும். கடகடவென்று ஆடினால் பிளேட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முழுதாக ஏறியபின், ஒரு பேனாவை மேஜையோடு அழுத்திப் பிடித்து அதன் முனையை பிளேட்டின் விளிம்புக்கு அருகில் நிறுத்துங்கள். பிளேட்டைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பேனாவுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால் பிளேட் நேராக இருக்கிறது. மாறினால் தோளை மறுபடி பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் பிளேட்டே வளைந்தது.

முழு பலத்தோடு இறுக்கத் தேவையில்லை. வலது கை மரை, வேலை செய்யச் செய்யத் தானாகவே இறுகிக்கொள்ளும். அப்புறம் கழற்றுவதுதான் கஷ்டம். அதற்காகத் தோளில் மெல்லிய ஃபைபர் வாஷர் ஒன்று போட்டுக்கொள்வேன். ஸ்பிண்டில் லாக் பட்டனை மெஷின் முழுதாக நின்ற பிறகே அழுத்துங்கள். ஓடும்போது அழுத்தினால் உள்ளே இருக்கும் பின் உடையும்.

உங்களுடையது டி.ஏ. என்றால் கதை வேறு. அதில் பிளேட் எம்8 போல்ட்டிலோ 5/16 இஞ்ச் மரையிலோ நிற்கும். ஸ்பிண்டிலை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, அல்லது நடுவில் ஆலன் கீ விட்டு இறுக்க வேண்டும். டி.ஏ.வில் அதிர்வு வந்தால் நான் முதலில் பார்ப்பது பிளேட்டின் அளவை. உள்ளே இருக்கும் எதிர் எடையை ஒரு குறிப்பிட்ட பிளேட், பேட் எடைக்குக் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார்கள். ரூபெஸ் கம்பெனியில் 15 மி.மீ. ஆர்பிட் (பிளேட் அசையும் வட்டத்தின் அளவு) மெஷினுக்கு 125 மி.மீ. பிளேட், 21 மி.மீ. மெஷினுக்கு 150 மி.மீ. என்று பிரித்துக் கொடுப்பதும் அதனால்தான். சின்ன மெஷினில் பெரிய பிளேட் போட்டால் கை மரத்துப்போகும்.

பழைய பிளேட்டோடு வந்த மெல்லிய வாஷரையும் தேடுங்கள். பல பேர் அதைப் பழைய பிளேட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பிளேட் மெஷினின் ரப்பர் விளிம்பில் உரசும், பேட் சுழலாமல் நடுங்கிக்கொண்டே நிற்கும், பெயின்ட்டில் ஒன்றும் நடக்காது. பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணில் பட வேண்டும்.

பேட் பிளேட்டைவிடச் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும். 125 பிளேட்டுக்கு 140 பேட் நல்ல அளவு. பிளேட் ஓரம் வெளியே தெரிந்தால் ஒருநாள் பம்பர் வளைவில் அது பெயின்ட்டைத் தொடும். பேட்டை பிளேட்டின் சரியான நடுவில் வைத்து ஒட்டாவிட்டாலும் இதே அதிர்வு வரும், அதனால் வேறெதையும் கழற்றும் முன் பேட்டை உரித்து மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

4 இஞ்ச் கிரைண்டரில் பாலிஷ் பிளேட் மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதன் ஸ்பிண்டில் பெரும்பாலும் எம்10, வேகமோ நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல். பாலிஷுக்கு 600 முதல் 3,000 வரைதான் வேண்டும். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்பிண்டிலையும் பிளேட்டின் பின்பக்கத்தையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த மரை என்று பார்த்துச் சொல்கிறேன்.