ரிம் மாற்றியதும் டயர் உரசுகிறதா? ஒப்செட்டைப் பாருங்கள்

தம்பி, ஐந்தரை அங்குல ரிம்மைக் கழற்றி ஏழு அங்குலம் போட்டதும் மட்கார்டில் டயர் உரசுகிறது என்றீர்கள், அகலம் மட்டும் காரணமில்லை. ரிம்மில் ஈடி என்று போட்டிருப்பதுதான் ஒப்செட்: ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சில்லைப் பூட்டும் இடத்தில்) பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. பழையது ஈடி 45, புதியது 35, அப்போ ஒப்செட் குறைந்த 10 மில்லிமீற்றரும் சில்லை வெளியேதான் தள்ளும். கூடின ஒன்றரை அங்குலத்தில் பாதி 19 மில்லிமீற்றர், ஆக வெளிப்பக்கம் 10 சேர்ந்து 29 கூடும், உள்ளே 10 கழிந்து 9தான். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசரைப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், இன்னும் வெளியே போகும். நானும் கல்முனையில் பழைய ரிம் வாங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் வருவதற்குள் டயர் ஓரத்தைச் சீவிக்கொண்டவன்.

அடுத்த ரிம்முக்குக் காசு கொடுக்க முன்னம் பேக்ஸ்பேசிங்கை அளந்து பாருங்கள்: ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பில் நேரான சட்டம் வைத்து, ஹப்பில் பொருந்தும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று. அது மிகக் கூடினால் ஷொக் அப்சோபரில் முட்டும்.